பதினாலில் பத்தைத் தின்றது யார்?



நான் கட்சிப் பேச்சாளன் இல்லை. முப்பத்தோரு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்று, பேரனுக்குக் காற்றாடி ஒட்டிக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தேன். 2024 ஜூலை 26ஆம் தேதி வந்த செய்திதான் என்னை இந்த மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறது.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் முடிவைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். ஜூன் மாதம் 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். இப்போது 17 பேர். ஐம்பது பிள்ளைகள் வாரக்கணக்கில் இந்தியாவில் முதலிடம். ஊரெல்லாம் சால்வை போட்டாயிற்று, கோச்சிங் சென்டர்காரர்கள் பேருந்து நிலையம் முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. இப்போது 720ஐ 715 ஆக்க ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அந்த வேலையாவது நம் ஊர் பெயிண்டருக்குக் கிடைக்கட்டும்.

ஆனால் எனக்கு முதலில் ஒரு கணக்கு தீரவேண்டும். முடிவு ஜூன் 14 என்று அறிவித்தது தேசியத் தேர்வு முகமை. வந்தது ஜூன் 4. ஜூன் 4 என்ன நாள்? நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை! நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து 'முன்னணி, பின்னடைவு' பார்த்துக்கொண்டிருந்த நாள். எங்கள் தெருவில் ஒரு பெண். அவளுடைய அப்பா வாக்கு எண்ணும் இடத்தில் ஏஜென்ட். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவள் தன் மார்க்கை அப்பாவிடம் சொல்ல ராத்திரி பதினொரு மணி ஆயிற்று. போன வருஷம் அதே மார்க்குக்கு வந்த ரேங்க்கைவிடப் பல ஆயிரம் பின்னால் இருந்தாள். "நான் நல்லாத்தானே சார் எழுதினேன்?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்ல?

முடிவு தயாராகிவிட்டது, வெளியிட்டோம் என்கிறார்கள். அடடா! பென்ஷன் ஃபைல் பத்து நாள் முன்னால் வந்ததுண்டா? ரேஷன் கார்டு வந்ததுண்டா? இது மட்டும் கால் முளைத்து ஓடிவந்ததாம். கேட்கிறேன், பதினாலில் பத்தைத் தின்றது யார்?

இப்போது மார்க்குக்கு வருவோம். பிள்ளைகளே, உங்களுக்குத் தெரிந்ததுதான், பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். விடை எழுதவேண்டியது 180 கேள்வி. சரியென்றால் 4, தப்பென்றால் 1 கழியும். ஒரு கேள்வியை விட்டால் 716. ஒன்றைத் தப்பாக எழுதினால் 715. இடையில் 719 என்றோ 718 என்றோ ஒரு மார்க் வரவே முடியாது. ஆனால் வந்தது! எப்படி? நேரம் வீணானது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். போட்டதை முடிவோடு சேர்த்துச் சொன்னார்களா? இல்லை. பிள்ளைகள் 719ஐப் பிடித்துக்கொண்டு கத்திய பிறகு சொன்னார்கள். ஹரியானாவில் ஜஜ்ஜர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஒரே மையத்தில் ஆறு பேர் 720. வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும் கருணை மதிப்பெண் ரத்து, ஜூன் 23ஆம் தேதி மறுதேர்வு. 1,563 பேரில் வந்து எழுதியவர்கள் 813. அதற்குப் பிறகு 67 பேர் 61 ஆனார்கள். அந்த ஆறு பேரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் குழந்தைகள். மார்க்கை அள்ளி வீசிய கையைத்தான் கேட்கிறேன்.

மிச்சம் 44 பேர் கதை இன்னும் ருசி. அது என் பாடம், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், கூட்டத் தலைவர் மணி அடிக்கக் கூடாது. இயற்பியலில் ஒரு கேள்வி: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற கூற்று சரியா, தப்பா? தப்பு. எல்லா அணுவும் நிலையானது என்றால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் என்ன, அப்பளமா பொரிக்கிறார்கள்? ஆனால் முகமை இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்துவிட்டது. ஏன்? என்சிஇஆர்டியின் பழைய புத்தகத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடியில் கேட்டது. மூன்று நிபுணர்கள் உட்கார்ந்து, ஒரே விடைதான் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். அறிவியல்படி அது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 44 பேரோடு சேர்த்து, பழைய புத்தகத்தை நம்பி எழுதிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து மார்க் போயிற்று!

புதிய பதிப்பைத்தான் படிக்க வேண்டும் என்கிறார்கள். ஐயா, எங்கள் வீடுகளில் புத்தகம் எப்படி வரும்? அக்கா படித்ததைத் தம்பி படிப்பான். தம்பி முடித்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டு போவாள். அட்டை கிழிந்தால் காலண்டர் தாளில் உறை. தப்பாக அச்சடித்தவன் யார்? நீ! திருத்தியதும் நீ! அபராதம் மட்டும் அந்தப் பிள்ளைக்கா? வெட்கமாக இல்லை?

கோபப்படுகிறேன், மன்னியுங்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். 2 மார்க் கேள்வி ஒன்றுக்கு உள்ளே மார்க் போட்டேன், முகப்புத் தாளில் ஏற்றாமல் விட்டுவிட்டேன். கூர்ந்தாய்வாளர் கண்ணிலும் படவில்லை. பையன் மறுகூட்டலுக்குப் போட்டு 2 மார்க் வாங்கிக்கொண்டான். எனக்கு 17பி பிரிவில் குற்றச்சாட்டு நோட்டீஸ். விளக்கம் எழுதி, அலுவலக வராந்தாவில் பியூன் நாற்காலி பக்கத்தில் அரை நாள் நின்றேன். இன்க்ரிமெண்ட் தள்ளிப்போயிற்று. வீட்டுக்காரி ஒரு வாரம் பேசவில்லை. தப்பு என்னுடையது, வாங்கிக்கொண்டேன். ஆனால் ரெண்டு மார்க்குக்கு வாத்தியாருக்கு 17பி என்றால், 1,563 பேருக்கு மார்க் போட்டு அழித்தவருக்கு என்ன பி? முகமையின் தலைமை இயக்குநரை மாற்றினார்கள். அவ்வளவுதான். (கைதட்டல்)

இந்த முகமைக்குக் கூட்டல் தப்பு புதிதா என்ன? 2020இல் மாநில வாரியாகப் புள்ளிவிவரம் போட்டார்கள். திரிபுராவில் எழுதியவர்களைவிடத் தேர்ச்சி பெற்றவர்கள் பல மடங்கு அதிகம்! பரீட்சை எழுதாமலே பாஸ் ஆன மாநிலம். அப்புறம் எடுத்துவிட்டுத் திருத்திப் போட்டார்கள்.

இதற்கெல்லாம் பெயர் தரமாம். நீட் இல்லையென்றால் டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள் என்பதுபோலத்தான் டி.வி.யில் பேசுகிறார்கள். சரி. 2023 செப்டம்பரில் மேற்படிப்புக்கான நீட்டில் சீட் நிரம்பவில்லை என்று கட்ஆஃபை என்ன செய்தீர்கள்? பூஜ்ஜியம் பெர்சன்டைல். மைனஸ் 40 வாங்கியவரும் தகுதி! பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர்ப் பெண்ணுக்கு 2017இல் தரம் போதவில்லை, மைனஸ் 40க்குப் போதுகிறது. இதைக் கேட்டால் நாம் அரசியல் பேசுகிறோமாம்.

இந்த முறை வினாத்தாள் கசிவுக்கு ஆதாரமே இல்லை என்று ஜூனில் சொன்னார் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான். ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிந்தது உண்மை என்று ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்க மறுதேர்வு வேண்டாம் என்றும் சொன்னது. 23 லட்சம் பேரை மறுபடி எழுத வைப்பது கொடுமைதான், அதில் எனக்கும் சண்டை இல்லை. என் சண்டை ஒன்றே ஒன்று. ஜூன் 14 வரை காத்திருந்தால் அந்த 719ஐ யாராவது ஒரு குமாஸ்தா பார்த்திருப்பானே! பத்து நாள் இருந்ததே! அந்தப் பத்தைத் தின்றது யார்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடிக்கிறேன். பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் ஜூன் மாத மார்க் பட்டியலும் ஜூலை மாத மார்க் பட்டியலும் கையில் இருந்தால், இரண்டு ரேங்க்கையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு எம்.பி. வீட்டுக்குப் போகிறோம். பேனா இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள், சிவப்பு மைதான் இருக்கிறது.