குறைகளை எழுதிய கை



வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மேடையில், பிரெஞ்சு முடியாட்சியின் வரலாறு தரும் பாடம் ஒன்றை எடுத்துரைக்க விழைகின்றோம்.

பதினான்காம் லூயி 1643இல், ஐந்து வயது நிறையுமுன்னரே அரியணை ஏறினார். 1661இல் முதலமைச்சர் மசாரின் மறைந்தபின், அப்பதவிக்கு எவரையும் அமர்த்தாது தாமே ஆளத் தொடங்கினார். மன்னன் இறைவனின் பிரதிநிதி என்றும், மனிதர் எவருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன் என்றும் பொசுவே என்னும் ஆயர் எழுதினார். மன்னரின் முத்திரையிட்ட மடல் ஒன்றே போதும்; விசாரணையின்றி ஒருவரைச் சிறையிலடைக்கலாம்.

வெர்சேல்ஸ் மாளிகைக்கும் ஓயாத போர்களுக்கும் பணம் கொடுத்தவர் யார்? பிரபுக்களும் குருமாரும் முக்கிய நேர்முக வரியிலிருந்து பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தனர். சுமை உழவர் தோளில் விழுந்தது. உப்புக்கும் வரி உண்டு. பல பகுதிகளில் குறித்த அளவு உப்பை வாங்கியே தீரவேண்டும். முறையிடவோ மன்றமில்லை. 1614இல் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேரவை, 175 ஆண்டுகள் கழித்து, பதினாறாம் லூயியின் கருவூலம் வறண்ட பின்னர், 1789இல்தான் மீண்டும் கூடியது.

அதற்கு முன்னோடியாக, ஊர்தோறும் மக்கள் தம் குறைகளை ஏடுகளில் எழுதித் தருமாறு அழைக்கப்பட்டனர். உழவர் பலருக்கு எழுத்தறிவில்லை. பல ஊர்களில் வழக்கறிஞரும் பத்திர எழுத்தரும் எழுதித் தந்தனர். அவ்வேடுகளை வட்டார அளவில் தொகுத்தபோது, படித்த நகரத்தார் உழவரின் குறைகள் பலவற்றை விட்டுவிட்டனர்.

அவ்வாண்டுக் கோடையில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். பிரபுக்களின் உரிமைப் பத்திரங்களைத் தீயிலிட்டனர். ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, பிரபுக்களின் சலுகைகளை ஒழிப்பதாகப் பேரவை அறிவித்தது. ஆனால் சட்டம் எழுதப்பட்டபோது, நிலத்தின்மீதான பாக்கிகள் பலவற்றை உழவர் ஈடு கொடுத்தே மீட்கவேண்டும் என்னும் விதி அதில் புகுந்தது. 1793இல்தான் அவை ஈடின்றி ஒழிந்தன. ஓரிரவில் பெற்றதைக் கைக்கொள்ள நான்காண்டுகள் போராட நேர்ந்தது!

இளைஞர்களே! பிறப்பின் பேரால் உயர்வு கொண்டாடுவோரை நாம் ஏடுகளில் மட்டும் கண்டவரல்லோம். கிளர்ச்சி கதவைத் திறக்கும். உள்ளே எழுதப்படுவது யாதென அறியக் கல்வி வேண்டும். நம் குறையைப் பிறர் எழுதினால் பாதி விடுபடும். சட்டத்தைப் படிக்கவும், மனுவைத் தாமே வரையவும், கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்கவும் வல்லவர் வீட்டுக்கு ஒருவரேனும், ஆணாயினும் பெண்ணாயினும், உருவாதல் வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளுக்கு நம் சங்கத்தின் பணி இதுவேயாகுக.