நகரசபையும் நம்மவர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை இன்று பேசுமாறு பணித்த பொருள் நகரசபையின் அன்றாட அலுவல் என்பது. இலக்கியமோ புராணமோ பேச அழைத்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும். சாக்கடையும் குப்பையும் வீட்டுவரியும் பேசுதற்குத் தமிழ்ப் பண்டிதன் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் நாட்டை ஆள்வோரை நாம் தேர்தற்காலத்தில் நினைக்கிறோம்; நகரசபையையோ விடியலிற் குழாயைத் திறக்கும்போதே நினைக்கவேண்டியவர்களாயிருக்கிறோம். நம் வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரை எழுதிக்கொள்வது அது. இறந்தவரின் பெயரை எழுதிக்கொள்வதும் அதுவே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாழ்நாள் முழுவதும் நம்மைத் தொடர்ந்து வரும் சபையைப்பற்றி அறிந்துகொள்வது இழிவாகாது.

ஊராட்சி நமக்குப் புதியதன்று. உத்திரமேரூரிற் கோயிற்சுவரின்மேல் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியனவாக உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்ததும், தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்ததும், சம்வற்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமர்ந்ததும் அவற்றால் விளங்கும். அது அந்தணர் சபை. பிற குலத்தார்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. ஆகலின் அதனை இக்காலத்துக் குடியாட்சியோடு ஒப்பவைத்துப் புகழ்தல் மிகையாம். எனினும் அதன்கண் உள்ள விதியொன்று நம் நெஞ்சில் நிற்கத்தக்கது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அமரத் தகுதியற்றவன். அவன் மாத்திரமோ? அவன் தந்தை, மகன், மாமன், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன் முதலிய உறவினரும் தகுதியற்றவராவர். உறவு என்பது கணக்கை மறைக்கும் திரையாகிவிடலாம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூரார் உணர்ந்திருந்தனர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடமே மீள்வோம்.

ஆங்கிலேயர் காலத்தில் 1688இல் சென்னைக்கு நகராண்மைக் கழகம் ஏற்பட்டது. 1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1884இலும் 1920இலும் சென்னை மாகாணத்து நகரசபைகளுக்கெனச் சட்டங்கள் பிறந்தன. சேலம் நகரசபைக்கு இராஜாஜியும், ஈரோடு நகரசபைக்குப் பெரியாரும் தலைவராயிருந்து, குடிநீரையும் தெருவையும் கவனித்த பின்னரே நாடறிந்த தலைவர்களாயினர் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்கவேண்டும். 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகரசபைகளுக்குரியனவாக 18 பொருள்களை அட்டவணைப்படுத்திற்று. 2016இல் நம் மாநிலச் சட்டம் உள்ளாட்சி இடங்களிற் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்கிற்று. ஆயினும் அவ்வாண்டிற் சபைகளின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரித் தேர்தல் வரையில் நம் நகரங்களில் மக்கள் தேர்ந்த சபையே இல்லாது அதிகாரிகளே நடத்திவந்தனர். அவ்வாண்டுகளில் விளக்கெரியாத தெருவைப்பற்றி யாரிடம் முறையிடுவதென்று நாம் திகைத்ததை இங்குள்ளார் அறிவர். சபை இருக்கும்போது அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

சபையின் வேலை நடக்கும் முறையைச் சிறிது கூறுவோம். தீர்மானிப்பது சபை, நிறைவேற்றுவது கமிஷனர். பொறியியற் பகுதியார் மதிப்பீடு தயாரிக்கின்றனர், சபை ஒப்புகிறது, டெண்டர் கோரப்படுகிறது, வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்திற் பதிந்து பட்டியல் எழுதப்படுகிறது, அதன்மேற் பணம் கொடுக்கப்படுகிறது, பின்னர்த் தணிக்கையாளர் வந்து பார்க்கின்றனர். ஒரு சாக்கடைக்குக் கல் பதிப்பதற்கு இத்தனை படிகளா என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இப்படிகள் ஒவ்வொன்றும் பொதுப்பணம் வழியில் ஒழுகிவிடாதபடி கட்டப்பட்ட கரையென்று உணர்வோமாயின் சலிப்பு நீங்கும்.

சபைக்கூட்டம் ஒன்றை யாம் ஓரமாக அமர்ந்து கண்டதுண்டு. நீரேற்றும் மோட்டார் பழுது, சந்தைக் குத்தகை, கொசு மருந்து, தணிக்கைத் தடை ஆகிய பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்பட்டன. ஊர் உயிர்வாழ்தற்கு இன்றியமையாத அவையெல்லாம் ஒரு சொல்லும் இன்றி நிறைவேறின. கல்வெட்டொன்றில் எவர் பெயரை முதலிற் பொறிப்பது என்னும் பொருள் வந்தபோதோ ஒரு நாழிகைக்கு மேல் வாதம் நடந்தது. அங்கத்தினரை மாத்திரம் குறை கூறுதல் நேர்மையன்று. மோட்டாரைப்பற்றிக் கேட்போர் நம்முள் ஒருவரேனும் அங்கு இருந்திருப்பின், அவர்கள் மோட்டாரைப்பற்றிப் பேசியிருப்பார்கள்.

இனி, நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். நம் சங்கத்துக் கலியாண மண்டபத்துக்குச் சொத்துவரி மிகுதியென்றும், நம்மவர் ஒருவர் நகரசபையில் அங்கத்தினராயிருப்பதால் அவரைக் கண்டு குறைக்கச் செய்யவேண்டுமென்றும் ஒரு பேச்சு நிகழ்கிறது. அவர் நமக்காக உழைப்பவர், நல்லவர். அதனாலேயே இதனை வெளிப்படையாகச் சொல்லத் துணிகிறோம்: அப்படிக் கேட்கலாகாது.

மதிப்பீடு பிழையாயின், அளவையும் பத்திரத்தையும் காட்டி எழுத்தினால் முறையிடுவோம்; அது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. மதிப்பீடு சரியாயின், செலுத்திவிடுவோம். இரண்டிற்கும் ஒருவர் தயவு வேண்டியதில்லை. தயவினால் நம் வரி குறையுமாயின், அடுத்த குலத்தாரின் மண்டபமும் அவ்வாறே கேட்கும், அதற்கடுத்ததும் கேட்கும். குறைந்த பணத்தை யார் நிரப்புவார்? இரண்டு அறை வீட்டில் வாழ்ந்து வரியைத் தவறாமற் கட்டும் கைம்பெண்ணும், கூலி நிலுவையில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியுமே நிரப்புவார்கள். அன்றியும், இன்று அவரிடம் சலுகை பெற்றோமாயின், நாளை அவரைக் கணக்குக் கேட்க நமக்கு வாய் ஏது? உத்திரமேரூரார் உறவினரையும் விலக்கியதன் பொருள் இதுவே.

மற்றொன்றுங் கூறுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ற மழையிற் பள்ளத் தெருவில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அவற்றுள் நம் குலத்து ஏழைகளின் வீடுகளும் உண்டு. நகரசபை சாக்கடையைக் கவனிக்கவில்லையென்று நாமே மனுவெழுதிக் கையொப்பமிட்டோம். அதன்பின் யாம் ஒருநாட் காலை அச்சாக்கடை வழியே மேற்புறமாக நடந்துசென்று பார்த்தோம். அது அடைபட்டிருந்த இடம் நம் மண்டபத்தின் முன்புறமே. நம் வாயிற்படி சாக்கடையின்மேல் இரண்டு முழம் நீண்டிருக்கிறது. படியின் அடியில் எச்சிலிலையும் காகிதக் குவளையும் அடைந்துகிடந்தன. அவற்றை ஒரு தாய் கையுறையுமின்றி வாரிக்கொண்டிருந்தாள். யாம் நிற்பதைக் கண்டு, “முகூர்த்த நாளென்றால் இப்படித்தான் சாமி” என்றாள். அம்மனுவில் எம் கையொப்பமும் இருந்ததை நினைத்து வெட்கினோம்.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. முதலாவது, நம் படியை நாமே இடித்து உள்ளே வாங்கிக் கட்டுவோம். ஒருவர் நோட்டீசு கொடுக்கும்வரை காத்திருத்தல் நமக்கு அழகன்று. இரண்டாவது, மண்டபக் குப்பையைப் பகுத்துக் கொடுப்போம். ஈரக்குப்பை, உலர்ந்த குப்பை, தீங்குதருங் குப்பை எனப் பிரிக்கவேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் விதிகளே கூறின. வாடகைச் சீட்டில் அதனை ஒரு நிபந்தனையாக அச்சிடலாம். மூன்றாவது, வரியை அரையாண்டுதோறும் உரிய நாளிற் செலுத்தி, இரசீதைச் சங்கத்துப் பலகையில் ஒட்டுவோம். நான்காவது, ஏரியா சபை கூடும்போது நம் இளைஞரும் பெண்மக்களும் சென்று, நம் குலத்தெருவை மாத்திரமன்றி வார்டு முழுவதையும்பற்றிக் கேட்பார்களாக. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தின் படியைப் பெற்று நம் வாசகசாலையில் வைப்போம். பள்ளிப் பிள்ளைகளும் புரட்டிப் பார்க்கட்டும்.

நம் குலத்தவர் ஒருவர் சபையில் அமர்வதால் நமக்குப் பெருமை உண்டாகுமாயின், அவரால் நம் வரி குறைந்ததென்பதனால் அன்று. எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் வந்ததென்று பிற குலத்தார் சொல்வதனாலேயே உண்டாகும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடிப்பவர் எவர் வீட்டுவாயில் முதலில் வருமென்று பார்த்து இழுப்பதில்லை.

படியை இடிப்பதற்குரிய செலவில் ஒரு பங்கை யாம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம். தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே கொண்டுவருமாறு அக்கிராசனர் அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.