குறைமாதப் பிரசவமும் நமது கடமையும்



பால் பிடித்த கதிரை முற்றுமுன் அறுக்க நம்மில் எவரும் ஒருப்படமாட்டோம். ஆனால், குழந்தை முற்றுமுன் பிறந்தால் மட்டும் "தலைவிதி" என்று கூறி வாளாவிருந்து விடுகிறோம். இது தகுமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் நிகழ்வதைக் குறைமாதப் பிரசவம் என்பர். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன; அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் நாட்டைச் சேர்ந்தவை. நுரையீரல் முழு முதிர்ச்சி பெறாமையால் இக்குழந்தைகள் மூச்சுத் திணறலுக்கு ஆளாகின்றன; குளிரையும் தாங்குவதில்லை. ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்பது வெறும் நம்பிக்கையே. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்ப்பதாகும்.

இரத்தக் கொதிப்பு, சிறுநீர்த் தொற்று, இரட்டைக் கரு ஆகியவை நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான காரணங்கள். காரணம் புலப்படாமல் நிகழ்வனவும் பல. நகரங்களில் காலந்தாழ்ந்த முதற்பேறு, நீரிழிவு, உடற்பருமன், தக்க காரணமின்றி முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவைப் பிரசவம் ஆகியவை சேர்ந்து கொள்கின்றன. கிராமங்களிலோ இளவயதுத் திருமணம், இடைவெளியற்ற பேறு, இரத்தசோகை, விறகடுப்புப் புகை, புகையிலை, ஓய்வற்ற கடும் உழைப்பு ஆகியவை தாயை வாட்டுகின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை நம்மால் மாற்றக் கூடியவையே. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு நம் ஊரில் மணம் நிகழாதவாறு காப்போம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொரு தாயின் பெயரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவாகச் செய்வோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆதலின், இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளைப் பரணில் போட்டு வைக்காமல் உட்கொள்ளச் செய்தல் வீட்டாரின் பொறுப்பு. நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணைத் தண்ணீர்க் குடமும் நெற்கட்டும் சுமக்க விடலாகாது. வீட்டருகே குழாயும் கழிப்பிடமும் அமைப்பது பஞ்சாயத்தின் பணியாகும்.

நாள் நெருங்குமுன் வலியோ, நீர்க்கசிவோ, உதிரப்போக்கோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். 34 வாரங்களுக்கு முன் பிரசவம் நேரும் நிலையிலுள்ள தாய்க்கு மருத்துவமனையில் உரிய வேளையில் இடும் ஊசி, குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரத் துணைபுரிகிறது. பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு மேனி படச் சேர்த்தணைத்துக் காக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. பொருட்செலவின்றி உயிர் காக்கும் இம்முறையை நம் தாய்மார்களும் மருத்துவர் சொற்படி கைக்கொள்ளலாம்.

விளைச்சலைக் கணக்கிடும் நாம், இனி நம் ஊரில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளையும் கணக்கிடுவோம். அக்கணக்கு ஆண்டுதோறும் உயர்வதே கிராமத்தின் உண்மையான வளர்ச்சியாகும்.