சுடலாம் என்று அறிவித்தார்கள், சுடப்போவது யார்?

(ஏனாத்தூரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ராத்திரி முழுக்க கழனியில் காவல் இருந்துவிட்டு, கண் எரிய எரிய இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து பன்றி இறங்குது. தின்பது கொஞ்சம், உருண்டு புரண்டு நாசம் பண்ணுவது அதிகம். மணிலா போட்டவன் பாடு இன்னும் மோசம். காய் முத்துறதுக்குள்ளே மூக்கால் உழுதுவிட்டுப் போயிடுது. உழவுக் கூலி மட்டும்தான் அது கேட்கவில்லை!

2025 ஜனவரியில் தி.மு.க. அரசு ஓர் அறிவிப்பு செய்தது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்திலேயே சொன்னார், காட்டுப்பன்றியைச் சுட அனுமதி என்று. நம்ம ஆட்கள் பல பேர் பட்டாசு வெடிக்காத குறை. ஆணையை முழுசாகப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்றியைத் தொடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், சுடக் கூடாது. 3 கிலோமீட்டர் தாண்டினால் சுடலாம். யார் சுடுவது? நீங்களும் இல்லை, நாங்களும் இல்லை. வனத்துறைக்காரர் சுடுவார்.

நம்ம உத்திரமேரூர் பக்கத்தைப் பாருங்கள். ஏரியும் கரம்பும் காப்புக்காடும் கலந்து கிடக்கிற ஊர்கள். இதில் யார் கழனி 2 கிலோமீட்டரில் இருக்கு, யார் கழனி 4 கிலோமீட்டரில் இருக்கு என்று பன்றிக்குத் தெரியுமா? அது ராத்திரி 1 மணிக்கு வரும். நாம மனு எழுதி, ஊர் அளவில் குழு கூடிப் பேசி, ஆள் வந்து பார்த்து, அனுமதி வாங்கித் துப்பாக்கி வருவதற்குள் அறுப்பே முடிஞ்சிடும். இந்த ஆணையை எங்கள் சாதனை என்று மேடையில் பேசுகிற கட்சிக்காரர் உங்கள் ஊருக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம தாலுகாவில் இதுவரைக்கும் எத்தனை பன்றி சுட்டீங்க?

ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. துப்பாக்கி விஷயத்தில் எந்தக் கட்சியும் வெளியே இருக்கும்போது ஒரு பேச்சு, நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பேச்சு. வெள்ளைக்காரன் 1878-இல் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினான். காங்கிரஸ் அதை எதிர்த்தது. 1931 கராச்சி மாநாட்டை ஒட்டி வந்த அடிப்படை உரிமைப் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று எழுதி வைத்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதையே எடுத்துச் சொல்லி, சேருங்கள் என்றார். சேர்க்கவில்லை. 2019-இல் பா.ஜ.க. அரசு ஒருத்தர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 1 ஆகக் குறைக்க மசோதா கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் 2 என்று முடித்தது. இருக்கிறவனுக்கு எத்தனை என்பதில்தான் அவ்வளவு வாதம். ஒன்றும் இல்லாத சிறு விவசாயி கணக்கிலேயே வரவில்லை.

ஆனால் சட்டத்தில் நம்ம பெயர் இருக்கு அய்யா. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். பயிர்க் காவலுக்காக, குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டால் உரிமம் கொடுக்கணும் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். 14-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அப்பீலும் உண்டு. நம்ம ஆளு ஒருத்தர் போய்க் கேட்டதுக்கு, அரை காணி வச்சிருக்கிற உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி என்று சிரித்து அனுப்பினார்கள். எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்ல வேண்டாம். எழுத்தில் கேட்டிருந்தால் சிரித்திருக்க முடியாது.

உரிமம் இருக்கிறவர் பாடு? தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படை என்கிறார்கள். ஆளாளுக்குப் பரிசீலித்து, யாரிடம் வாங்க வேண்டுமோ அவரிடம் வாங்குங்கள் என்றுதான் தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16-இல் அறிவிப்பு, ஜூன் 4-இல் எண்ணிக்கை. நவரை முற்றி அறுப்புக்கு வருகிற காலம் அதற்குள்ளே போயிடுது. பன்றிக்கு நடத்தை விதி கிடையாது.

துப்பாக்கி ஊருக்குள் பெருகினால் நாளைக்கு சாதிச் சண்டையில், வரப்புத் தகராறில் என்னாகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாங்களும் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கேட்கவில்லை. குடகில் குடவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்று விலக்கு இருக்கு, 2029 வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். அதுவும் நமக்கு வேண்டாம். கேரளத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் அங்கே பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தார்கள். உரிமம் உள்ள உள்ளூர் ஆளை வைத்து அவர் சுடச் சொல்லலாம். பொறுப்பு ஊரிடம், கணக்கு அரசிடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே பராந்தகச் சோழன் காலத்தில் குடவோலை போட்டு வாரியம் தேர்ந்தெடுத்த ஊர் உத்திரமேரூர். 2020-இல் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அந்தக் கல்வெட்டைப் பெருமையாகப் பேசினார். அந்த ஊர்க்காரனை நம்பி ஒரு பன்றியைச் சுடும் முடிவைக் கொடுக்க மட்டும் பயமா?

சட்ட வழியை அடைத்தால் என்ன ஆகிறது? ஒருத்தன் அவுட்டுக்காய் வைக்கிறான். இன்னொருத்தன் கம்பியில் கரண்டை விடுகிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படிப்பட்ட வேலியில் 3 யானை செத்தது, நிலத்துக்காரர் கைதானார். யானை மட்டுமா? விடியற்காலை தண்ணி கட்டப் போகிற நம்ம பிள்ளைகளும் அதே வரப்பில்தான் நடக்கிறார்கள். கரண்ட் வேலி போட்டிருக்கிறவர்கள் இன்றைக்கே கழட்டிவிடுங்கள். இதில் சங்கம் யாருக்கும் பரிந்து வராது, இப்பவே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு எல்லாரும் சேர்ந்து போகிறோம். சிட்டா, அடங்கல் நகல், நாசமான பயிரின் போட்டோ தேதியோடு எடுத்து வையுங்கள். 3 கிலோமீட்டர் கணக்கை எடு, பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடு, பயிர்க்காவல் உரிம மனுவுக்கு எழுத்தில் பதில் கொடு, இந்த மூன்றும்தான் கோரிக்கை. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். சீட்டின் நகலைச் சங்கத்தில் கொடுங்கள், நோட்டில் பதிந்து வைக்கிறோம்.