பொய்யுரைக்கவும் ஒளிந்து வாழவும் கட்டாயமா?

(சட்டமும் மனச்சாட்சியும் பற்றிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிரித்தானிய தேசத்திலே கடந்த பல ஆண்டுகளாக ஒரு பெரும் விவாதம் நடந்து வருகின்றது. ஆண் என்பவர் யார், பெண் என்பவர் யார், அதைத் தீர்மானிப்பது பிறந்த உடலா, உள்ளத்தின் உணர்வா, அரசாங்கத்தின் பத்திரமா என்பதே அவ்விவாதம். இதைக் கேட்டதும் நம்மவர் சிலர் நகைப்பர். சிலர் முகஞ் சுழிப்பர். உழுது பயிரிடுவோருக்கும் உத்தியோகம் பார்ப்போருக்கும் இதனால் ஆவதென்ன என்று வினவுவோரும் உளர்.

இவ்விவாதத்தின் அடியிலே கிடக்கும் கேள்வி வேறு. ஒரு மனிதர் தம்மைப் பற்றிக் கூறுவதை அரசு எவ்வளவு தூரம் ஏற்க வேண்டும்? அவ்வாறு ஏற்றதை மற்றவர்களும் தம் வாயாற் கூறும்படி அரசு வற்புறுத்தலாமா? அரசின் கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்னும் இக்கேள்வி எந்த நாட்டிலே எழுந்தாலும், எண்ணிக்கையிற் சிறியவர்களாய் வாழும் மக்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இரு தரப்பாரும் தத்தமக்கென்று உரிமை கொண்டாடும் சுதந்திரம் உண்மையில் ஒரே சுதந்திரந்தான் என்பதே நாம் இன்று கூற வந்த கருத்து. அதை அந்நாட்டு வழக்குகளைக் கொண்டே விளக்க முயல்வோம்.

உறுதியும் காணியும்

முதலிலே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. காணி வேறு, காணி உறுதி வேறு. ஒன்பது பரப்புக் காணிக்குப் பத்துப் பரப்பென்று உறுதி முடித்து விட்டால் நிலம் ஒரு பரப்பு வளர்ந்து விடாது. நில அளவையாளர் வந்து அளந்தால் உண்மை வெளிப்பட்டு விடும். ஆனால் உறுதி இல்லாதவன் தன் பாட்டன் காலந்தொட்டு உழுத நிலத்திலும் நிம்மதியாய் இருக்க முடியாது. கடன் கேட்கப் போனால் உறுதி எங்கே என்பர். வேலி அடைக்கப் போனாலும் உறுதி எங்கே என்பர். உறுதி நிலத்தை உண்டாக்குவதில்லை; ஆயினும் அது இல்லாமல் மனிதன் வாழ முடிவதில்லை.

சுவீகாரமும் இத்தகையதே. சுவீகாரம் எடுத்த பிள்ளையைச் சட்டம் எடுத்தவரின் பிள்ளையாகவே நடத்துகின்றது. அப்பிள்ளை அவள் வயிற்றிலே பிறந்தது என்று எவரையும் சத்தியஞ் செய்யச் சட்டம் கேட்பதில்லை. அதே வேளையில், அப்பிள்ளையைத் தெருவிலே கண்டபோதெல்லாம் "நீ பெற்ற பிள்ளையல்ல" என்று குத்திக் காட்டுபவனை நாம் உண்மை விளம்பி என்று போற்றுவதுமில்லை.

இந்த இரண்டையும் மனதிலே வைத்துக்கொண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

ஒரு பெண்மணியின் முறைப்பாடு

கிறிஸ்டீன் குட்வின் என்பவர் ஆணாகப் பிறந்து, பின்பு சத்திரசிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழ்ந்தவர். அரசாங்கப் பதிவுகள் அவரை ஆண் என்றே கூறின. அக்காலத்திலே அந்நாட்டிற் பெண்களுக்கு ஓய்வூதிய வயது 60, ஆண்களுக்கு 65. எனவே 65 வயது வரை அவர் தேசிய காப்புறுதிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்ட வேண்டி வரும் என்றஞ்சிச் சில சலுகைகளைக் கைவிட்டார். அவருடைய பணத்தில் 200 பவுண் களவு போனபோது பொலிஸாரிடம் முறையிடவும் அவர் துணியவில்லை. விசாரணையிலே தமது பழைய அடையாளம் வெளிப்பட்டு விடும் என்பதே அச்சம். களவு கொடுத்தவரே ஒளிந்து கொள்ள வேண்டிய நிலை!

ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2002 ஜூலை 11ஆந் திகதி இவ்வழக்கிலே தீர்ப்பளித்தது. அவருடைய தனிவாழ்வுக்குரிய மதிப்பும் மணஞ் செய்யும் உரிமையும் மீறப்பட்டன என்று நீதியரசர்கள் ஏகமனதாய்க் கூறினர். அதன் விளைவாகவே 2004ஆம் ஆண்டின் பால்நிலை அங்கீகாரச் சட்டம் பிறந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர், மருத்துவச் சான்றுகளுடன், இரண்டாண்டுகள் அப்பால்நிலையில் வாழ்ந்ததைக் காட்டினால், சபையொன்று அவருக்குச் சான்றிதழ் வழங்கும். சான்றிதழ் பெற்றவர் எல்லாக் காரியங்களுக்கும் புதிய பால்நிலைக்குரியவரே என்று அச்சட்டம் கூறியது. ஆயினும் ஒரு பிள்ளைக்குத் தந்தை அல்லது தாய் என்னும் நிலை அச்சான்றிதழால் மாறாது என்று விலக்கும் விதித்தது. இந்த உறுதியால் நிலம் மாறாத இடங்களும் உண்டு என்பதைச் சட்டமே உணர்ந்திருந்தது.

இந்த அளவிலே நின்றிருந்தால் நாம் இன்று பேசுவதற்கு அதிகம் இராது.

மறுதரப்பின் முறைப்பாடு

2018ஆம் ஆண்டளவிலே, மருத்துவச் சான்று வேண்டாம், ஒருவர் தாமே பிரகடனஞ் செய்தாற் போதும் என்று சட்டத்தை மாற்றும் யோசனை எழுந்தது. மாயா போர்ஸ்டேற்றர் என்னும் வரி ஆராய்ச்சியாளர் அதை எதிர்த்து டுவிட்டரிலே எழுதினார். உடலின் பால் மாறாதது, பால்நிலை உணர்வோடு அதைக் குழப்பலாகாது என்பது அவர் கொள்கை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்தபோது, 2019 டிசெம்பரில் தொழில் நியாயசபை, சனநாயக சமுதாயத்திலே மதிப்புக்குரிய நம்பிக்கையாக அதனைக் கொள்ள முடியாது என்று கூறிவிட்டது.

அன்பர்களே, இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். கோடிக்கணக்கானோர் இயல்பாகவே கொண்டுள்ள ஒரு கருத்து, சட்டத்தின் பாதுகாப்புக்கே தகுதியற்றது என்று தள்ளப்பட்டது. 2021 ஜூனில் மேன்முறையீட்டு நியாயசபை இம்முடிவை மாற்றியது. நாசிசத்தையும் சர்வாதிகாரத்தையும் ஒத்த, பிறர் உரிமைகளை அடியோடு அழிக்கும் நம்பிக்கைகளே பாதுகாப்பை இழக்கும். இது அத்தகையதன்று என்றது. பால்நிலை மாறியோரைத் துன்புறுத்த இத்தீர்ப்பு எவருக்கும் அனுமதி தரவில்லை என்பதையும் அதே தீர்ப்பிலே எழுதி வைத்தது. 2022 ஜூலையில், நம்பிக்கை காரணமாக அவருக்குப் பாரபட்சம் காட்டப்பட்டது என்று முடிவாயிற்று.

ஹரி மில்லர் என்பவரின் வழக்கு இன்னொன்று. அவர் டுவிட்டரில் எழுதியவை பற்றி ஒருவர் முறையிட, 2019 ஜனவரியில் ஹம்பர்சைட் பொலிஸ் அதிகாரி ஒருவர் அவர் வேலைசெய்யும் இடத்தைத் தேடிச் சென்றார். குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் அது குற்றமல்லாத வெறுப்புச் சம்பவமாகப் பதியப்பட்டது. பொலிஸார் நடந்துகொண்ட விதம் பேச்சுச் சுதந்திரத்துக்கு மாறானது என்று 2020 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாறு பதிவதற்கு ஆதாரமாயிருந்த வழிகாட்டி நெறியே சட்டத்துக்கு மாறானது என்று 2021 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. குற்றஞ் செய்யாதவன் வாசலிலே சீருடை வந்து நின்றால் அந்த வீட்டாருக்கு எப்படியிருக்கும் என்பதை நம்மக்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

இரண்டுக்கும் ஒரே வேர்

குட்வினின் துயரும் போர்ஸ்டேற்றரின் துயரும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே அந்நாட்டுப் பத்திரிகைகளிற் பலவும் எழுதுகின்றன. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. இரண்டையும் இணைக்கும் வேரை, அகதிகள் பற்றிய வேறு இரண்டு வழக்குகளிலே அந்நாட்டு உயர் நீதிமன்றமே தோண்டிக் காட்டியிருக்கின்றது.

2010 ஜூலையிலே ஈரானைச் சேர்ந்த ஒருவரும் கமரூனைச் சேர்ந்த ஒருவரும் தொடுத்த வழக்கு தீர்க்கப்பட்டது. ஒருபாலாரை நேசிப்பவர்களாகிய இவ்விருவரும், தாயகம் திரும்பி அடக்கமாக, தம் இயல்பை மறைத்து வாழ்ந்தால் ஆபத்து வராதே என்று அரசு தரப்பிற் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன்னை ஒளித்து வாழுமாறு எவரையும் பணிக்க முடியாது என்றது.

2012 ஜூலையிலே சிம்பாப்வே நாட்டவர் சிலரின் வழக்கு வந்தது. இவர்களுக்கு எந்த அரசியற் கொள்கையும் இல்லை. ஆளுங்கட்சிக்கு விசுவாசிகள் போல நடித்தால் உயிர் தப்பலாமே என்பது வாதம். நீதிமன்றம் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பையே எடுத்துக் கையாண்டது. உள்ளத்தில் இல்லாத விசுவாசத்தை வாயாற் கூறி உயிர் பிழைக்குமாறும் எவரையும் பணிக்க முடியாது என்று தீர்த்தது.

ஒளிந்து வாழச் சொல்லாதே என்பது முதல் தீர்ப்பு. பொய் சொல்லச் சொல்லாதே என்பது இரண்டாவது தீர்ப்பு. இரண்டாவது முதலாவதிலிருந்தே பிறந்தது. குட்வின் வேண்டியது முதலாவதை. போர்ஸ்டேற்றர் வேண்டியது இரண்டாவதை. ஒன்றை வெட்டிவிட்டு மற்றொன்றை வளர்க்க நினைப்பவர் தாம் ஏறி நிற்கும் மரத்தின் வேரையே வெட்டுகின்றார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். "உடன் வேலை செய்பவரை நாள்தோறும் அவர் வெறுக்கும் பெயரால் அழைப்பதும் நம்பிக்கைச் சுதந்திரமோ?" என்பர். நியாயமான கேள்வி. அயலவனின் உறுதி செல்லாது என்று நம்பவும், சபையிலே சொல்லவும், வழக்காடவும் ஒருவனுக்கு உரிமையுண்டு. அதற்காக அவன் போகும் ஒழுங்கையை மறிக்கவோ, இரவிலே வேலியை வெட்டவோ உரிமையில்லை. கருத்தைக் கூறுதல் வேறு. ஓர் ஆளைக் குறிவைத்து நோகடித்தல் வேறு. எல்லைக் கோடு சில வேளைகளில் மங்கலாயிருக்கும் என்பது மெய்யே. அதனாலே எல்லையே இல்லையென்று ஆகிவிடாது.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு

நம்பிக்கைகள் மட்டுமன்றி உரிமைகளும் மோதும் இடங்கள் உண்டு. அடியுண்ட பெண்கள் அடைக்கலம் புகும் இல்லம், பெண்கள் சிறைச்சாலை, பெண்கள் விளையாட்டுப் போட்டி ஆகியவை அவை. அங்கே "பெண்" என்னும் சொல்லுக்குச் சட்டம் கொள்ளும் பொருள் என்ன என்று தெரிந்தாக வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்ல, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேறொன்றைக் கருதியதோ என்ற ஐயம் பதினைந்து ஆண்டுகள் தீராதிருந்தது. ஸ்கொட்லாந்துப் பெண்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கிலே, 2025 ஏப்ரல் 16ஆந் திகதி ஐந்து நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். சமத்துவச் சட்டத்திலே ஆண், பெண், பால் என்னுஞ் சொற்கள் பிறப்பிலமைந்த உடற்பாலையே குறிக்கும். சான்றிதழ் பெற்றாலும் அப்பொருள் மாறாது என்பதே தீர்ப்பு.

ஒரு சாரார் வெற்றி முழக்கஞ் செய்தனர். மற்றொரு சாரார் கண்ணீர் வடித்தனர். தீர்ப்பை வாசித்த ஹொட்ஜ் பிரபுவோ, இதனை ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தார் மீது பெற்ற வெற்றியாகக் கொள்ள வேண்டாம் என்று அப்பொழுதே எச்சரித்தார். பால்நிலை மாற்றம் அச்சட்டம் பாதுகாக்கும் ஒன்பது தன்மைகளுள் ஒன்றாகவே நிலைத்திருக்கின்றது. அக்காரணம் பற்றி ஒருவரை வேலையிலிருந்து விலக்குதலும் துன்புறுத்துதலும் முன்போலவே சட்டத்துக்கு மாறானவையாகும்.

சட்டத்தின் சொல் தெளிவுபெற்றது நன்றே என்பது நம் கருத்து. ஆனால் தெளிவோடு கடமை முடிந்துவிடவில்லை. சான்றிதழை நம்பி இருபது ஆண்டுகள் பெண்ணாக வாழ்ந்தவர் நோயுற்றால் எந்த விடுதியிலே படுப்பார்? சிறைப்பட்டால் எங்கே பாதுகாப்பாயிருப்பார்? பெண்களின் இடத்தைப் பெண்களுக்கென்று காக்கும் அரசுக்கு, இவருக்கும் ஓர் இடம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. உண்மையைக் கூறுவதற்குத் துணிவு வேண்டும். கூறிய பின்பு எவரையும் தெருவிலே விடாதிருக்க நெஞ்சிலே ஈரம் வேண்டும்.

நமக்குரிய பாடம்

நமது நாட்டிலே 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையொன்றினால், பால்நிலை மாறியோருக்கு மருத்துவர் சான்றிதழ் வழங்கவும், அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தவும் வழி பிறந்தது. நல்ல காரியம். ஆயினும் சுற்றறிக்கையால் வந்தது வேறொரு சுற்றறிக்கையாற் போகலாம். ஒரு மனிதரின் அடையாளம் அமைச்சரின் மேசையிலுள்ள தாளிலே தொங்கலாகாது. மேலும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டம் பற்றிய தண்டனைப் பிரிவும் இவர்கள் மீது பிரயோகிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. வீதியிலே நடந்து போனதற்காக ஒருவரை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம் இன்று அவர்மீது பாய்ந்தால், நாளை யார்மீது பாயும் என்பதை நம்மினம் பிறரிடங் கேட்டறிய வேண்டியதில்லை.

நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் அளிக்கின்றது. பேச்சுச் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று கூறும் அதே அமைப்பு, இதற்குக் கட்டுப்பாடு எதனையும் அனுமதிக்கவில்லை. இந்த உறுப்புரை பால்நிலை மாறியவருக்கும் உரியது; அவர் கூறுவதை ஏற்காதவருக்கும் உரியது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. இவர்களுடைய பதிவும் பாதுகாப்பும் பாராளுமன்றத்தின் சட்டத்தாலே உறுதிபெற வேண்டும். அச்சட்டத்தின் சொற்கள், பிரித்தானியாவிலே போலப் பதினைந்து ஆண்டுகள் வழக்காட வைக்காதபடி, எவ்வெவ்விடத்திலே பதிவு செல்லும், எவ்வெவ்விடத்திலே உடற்பால் கணிக்கப்படும் என்பதை வெளிப்படையாகக் கூற வேண்டும். மூன்றாவதாக, எந்தச் சட்டமும் ஒருவன் நம்பாததை அவன் நாவாலே சொல்லுமாறு கட்டளையிடலாகாது.

இம்மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்டு மற்றதை மறப்பவர் சுதந்திரத்தைக் கேட்கவில்லை. தம் பக்கத்துக்குச் சலுகையையே கேட்கின்றார். சலுகை ஆட்சியோடு மாறும். உரிமையோ, நம்மோடு உடன்படாதவனுக்கும் அதை நாம் கொடுக்கும்போதுதான் நமக்கும் நிலைக்கும்.