குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

(பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள், அவர்களது குடும்பத்தினருக்கான மருத்துவ முகாமில் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஆற்றிய உரை)



குறட்டையைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்கள் எல்லாரும் சிரித்தீர்கள். பின்னால் இருக்கும் வீட்டம்மாக்கள் சிரிக்கவில்லை. ராத்திரி முழித்துக்கொண்டு கிடப்பது அவங்கதானே!

"குறட்டை விட்டுத் தூங்குறான், கொடுத்து வச்சவன்" என்று ஊரில் சொல்வோம். பல பேர் விஷயத்தில் அது சரியில்லை.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கும்போது அவை தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். குறுகிய வழியில் காற்று போகும்போது அண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் அதிரும். அந்தச் சத்தம்தான் குறட்டை. உடல் எடை, மூக்கடைப்பு, மது, சில தூக்க மாத்திரைகள், தைராய்டு குறைபாடு எல்லாம் இதைக் கூட்டும். ஒல்லியானவர்களுக்கும் தாடை சிறியதாக இருந்தால் வரலாம். குழந்தை தினமும் குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு வீங்கியிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

எல்லாக் குறட்டையும் ஆபத்து இல்லை. குறட்டை நடுவே நின்று போவதுதான் ஆபத்து. பாதை முழுசா அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ஆக்சிஜன் குறையும். மூளை பதறி எழுப்பும். "க்ஹா" என்ற சத்தத்தோடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. மூச்சு இப்படி நிற்பதும் பாதியாகக் குறைவதும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 30 முறையைத் தாண்டினால் தீவிரம். நாள்பட்டால் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும்.

ஓர் ஓட்டுநர் என்னிடம் அனுப்பப்பட்டார். குறட்டைக்காக அவர் வரவில்லை. மாத்திரை கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை என்று அனுப்பியிருந்தார்கள். "நல்லா தூங்குறேன் டாக்டர்" என்றார். கூட வந்த மனைவி, "திடீர்னு சத்தம் நின்னுடும் டாக்டர். பயந்து போய் மூக்குகிட்ட கை வச்சுப் பார்ப்பேன்" என்றார். அவர் மனைவியை முறைத்தார்.

பிறகு அந்த அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மத்தியான ட்ரிப்ல கண்ணு சொக்குது டாக்டர். இதை எழுதினா வண்டியில இருந்து இறக்கிடுவாங்களா?"

உங்களில் பலருக்கும் இதே பயம் இருக்கும். அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இதற்குச் சிகிச்சை உண்டு. பகல் தூக்கம் நீங்கிவிட்டது என்று மருத்துவர் உறுதி செய்தபின் பெரும்பாலானவர்கள் வண்டி ஓட்டலாம். மறைத்து ஓட்டினால் உங்களை நம்பி ஏறியவர்கள் உயிருக்கும் ஆபத்து. கண் சொக்கினால் டீயும் ஜன்னல் காற்றும் போதாது. வண்டியை ஓரம் கட்டுங்கள்.

அவருக்குத் தூக்கப் பரிசோதனை செய்தோம். உடம்பில் சில கருவிகளை ஒட்டி ஓர் இரவு தூங்க வைப்போம். ஊசி, வலி எதுவும் கிடையாது. தீவிரமான மூச்சுத்தடை என்று தெரிந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, பாதையை மூடவிடாமல் வைக்கும் சிபேப் கருவி கொடுத்தோம். முதல் வாரம் "மூச்சு முட்டுது" என்று கழற்றிப் போட்டார். முகமூடியை மாற்றிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வந்தவர், "மத்தியானம் கொட்டாவியே வரலை டாக்டர்" என்றார். பிரஷரும் இறங்கத் தொடங்கியிருந்தது.

எல்லோருக்கும் கருவி தேவைப்படாது. சிலருக்கு எடை குறைப்பு, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது போதும். மூக்குத்தண்டு வளைவு, டான்சில் இருந்தால் அறுவை சிகிச்சை உதவலாம். விளம்பரத்தைப் பார்த்து கிளிப், ஸ்ப்ரே வாங்கிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, தேவையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

கடைசியாக வீட்டம்மாக்களுக்கு ஒரு வேலை. இன்று ராத்திரி குறட்டை சத்தத்தைச் செல்போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் வரும்போது நீங்களும் கூட வாருங்கள். குறட்டை விடுபவருக்கு அது கேட்காது. நீங்கதான் சாட்சி.