வாய்க்கு வராத சொற்கள்



ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டுகிறார்கள். பட்டுப்பாவாடையும் ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியுமாகப் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதில் சிரிக்கிறாள். மஞ்சள் நீராட்டு விழா. சுற்றிலும் தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் படங்கள். சீர்த்தட்டு வருகிறது, மேளம் வருகிறது, பந்தி நடக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அந்தப் பெண் வயசுக்கு வந்த செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. தன் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் கொடுத்தார்கள். ஓடாதே, பசங்களோடு பேசாதே, பூச்செடியைத் தொடாதே என்றார்கள். “ஏன் ஆயா?” என்று கேட்டாள். “அதெல்லாம் அப்படித்தான் கண்ணு” என்று பதில் வந்தது.

அந்தப் பாட்டியையோ அம்மாவையோ குறை சொல்வதற்காக இந்த மேடை போடப்படவில்லை. அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. சொல்ல வேண்டும் என்று ஒரு தாய் மனதார நினைத்தாலும், எந்தச் சொல்லை வைத்துச் சொல்வாள்? கண்ணுக்குப் பெயர் உண்டு, காதுக்குப் பெயர் உண்டு, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்கூடப் பெயர் உண்டு. தொப்புளுக்குக் கீழே போனதும் நம் வீடுகளில் தமிழ் நின்றுவிடுகிறது. பேருந்து நிலையச் சண்டையில் பறக்கிற சொற்கள் இருக்கின்றன. அவற்றை வீட்டில் உச்சரித்தால் அடி விழும். பாடப்புத்தகத்தில் கருப்பை, சினைப்பை, விந்தகம் என்று இருக்கின்றன. அவை பரீட்சைத் தாளோடு முடிந்துவிடும். வசவுக்கும் பாடத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை தன் தாயிடம் சொல்லக்கூடிய சொல் இல்லை. ‘அங்க’ என்கிறார்கள், ‘அந்த எடம்’ என்கிறார்கள், ‘ஒரு மாதிரி’ என்கிறார்கள்.

பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று நாடு முழுக்க வாதம் நடந்திருக்கிறது. அந்த வாதத்தில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பிள்ளைகளிடமும் பெண்களிடமும் போய் உட்கார்ந்து, ‘உனக்கு என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறாய், எந்தச் சொல்லில் அதைச் சொல்வாய்?’ என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அப்படிக் கேட்பதற்கு ஆய்வுலகில் பண்புசார் ஆய்வு என்று பெயர். எத்தனை பேர் என்று எண்ணுவது ஒரு வகை ஆய்வு. ஏன், எப்படி, அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டு, வந்த பதிலை வந்த வார்த்தையிலேயே எழுதிக்கொள்வது இந்த வகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்று சொன்னது. அந்த 38 பேரும் அதை வீட்டில் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பண்புசார் ஆய்வைப் புரிய வைப்பது கடினமில்லை. ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்கு. பிசைந்த மாவில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, விரல்களுக்கு நடுவே திரித்துத் திரித்து, ஒரு சுற்றுக்கு வெளியே அடுத்த சுற்றை ஒட்டிக்கொண்டே போகிறார்கள் பெண்கள். கை ஒரு நொடி நிற்பதில்லை. கண் மாவைப் பார்க்கிறது, பேச்சு பக்கத்தில் இருப்பவளிடம் போகிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அங்கே வெளிவருகிற விஷயங்கள் வேறெங்கும் வராது. மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது, ஆறு மாதமாக வெள்ளை படுவது, மகள் மில் வேலையிலிருந்து திரும்பி வந்த பிறகு யாரோடும் பேசாமல் இருப்பது. வினாத்தாளை நீட்டி ‘ஆம், இல்லை’ என்று டிக் அடிக்கச் சொன்னால் இதில் ஒன்றுகூட கிடைக்காது. நல்ல ஆய்வாளர் அந்த வட்டத்தில் தானும் ஒரு ஓரமாக உட்காரத் தெரிந்தவர்.

அப்படி உட்கார்ந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். செங்கல்பட்டுப் பகுதியில் 1981ல் கிராமத்துத் தலித் பெண்களோடு சேர்ந்து டி.கே. சுந்தரி ரவீந்திரன் தொடங்கிய அமைப்பு, கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம். ருவ்செக் என்றால் பலருக்குத் தெரியும். 2004ல் அவரும் பி. பாலசுப்ரமணியனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 98 சிற்றூர்களைச் சேர்ந்த, இரண்டு தலைமுறையைச் சேர்ந்த, மணமான 66 பெண்களிடமும் அவர்களில் 44 பேருடைய கணவர்களிடமும் விரிவாகப் பேசி எழுதியது. கேள்வி கருக்கலைப்பைப் பற்றியது. வறுமையா, பிள்ளைகள் போதும் என்ற எண்ணமா, ஆண் பிள்ளை ஆசையா என்றுதான் எல்லாரும் காரணம் தேடுவார்கள். பெண்கள் பேசப் பேச, அடியில் கிடந்தது வேறொன்றாக இருந்தது. வேண்டாம் என்று கணவனிடம் சொல்ல முடியவில்லை. விருப்பமில்லாத இரவுகளும் வற்புறுத்தலுமே பல கருக்கலைப்புகளுக்குப் பின்னால் இருந்தன, மூத்த தலைமுறையிலும் இளைய தலைமுறையிலும். ஆண்களில் பலர், மனைவி என்றானபின் அது தங்கள் உரிமை, அதில் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றே நம்பினார்கள். கருவைக் கலைக்கக் குடும்பம் சம்மதிக்கிறது. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்குச் சம்மதிப்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கணவர்களையும் கேட்டார்கள் என்பது. பெண் உடம்பைப் பற்றிய பேச்சு என்றால் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது நம் வழக்கம். பிரச்சினையில் பாதி கதவுக்கு வெளியே நிற்கிறது.

மகாராஷ்டிரத்தில், கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் தம்பதியர் 1989ல் வெளியிட்ட ஆய்வும் இங்கே சொல்லத் தக்கது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 100க்கு 92 பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் மருத்துவரிடம் காட்டியிருந்தவர்கள் 100க்கு 8 பேர்தான். மற்றவர்களுக்கு வலி இல்லாமல் இருந்திருக்குமா? வலிக்கிற இடத்தைச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறது.

சொல்லாமல் விட்டதற்குச் சேலம் சீமை கொடுத்த விலையை இந்த அவையில் வயதானவர்கள் அறிவார்கள். ‘கள்ளிப்பால்’ என்ற ஒரு சொல் போதும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. அன்றைக்கு நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பிறந்து சில நாளில் செத்துப்போன பெண் சிசுக்களைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘சமூகக் காரணம்.’ ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைப் புரட்டித்தான் 1997ல் எந்தெந்த மாவட்டங்களில் இந்தக் கொடுமை நிறைந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஊர்ச் செவிலியருக்கு எல்லாம் தெரியும். எழுதக் கிடைத்த சொல் அவ்வளவுதான். அதன்பின் தருமபுரி மாவட்டத்தில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகமாக அதை நடித்தபோது, பதிவேட்டில் சொல்லாததைத் தெருவில் நின்று பேச முடிந்தது.

அடுத்த கதை எய்ட்ஸ். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலில் கண்டறிந்தது தமிழ்நாட்டில்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைச் செய்தார்கள். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். பிறகு 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரமாக ஒரு கேள்வி முளைத்தது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? டீக்கடையில் கேட்டார்கள், லாரி ஷெட்டில் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். வாயே திறக்காத மாநிலத்தை வாய் திறக்க வைத்தது அந்த விளம்பரம். அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் நாமக்கல்லில் இருந்தது. லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்ட கௌசல்யா பெரியசாமி, 1995ல், திருமணமாகிச் சில வாரங்களுக்குள் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அவருக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. ஒளிந்துகொள்ளாமல், பெயரும் முகமும் தெரிய வெளியே வந்து பேசினார். 1998ல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பை மற்றப் பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். ஒழுக்கமாக இரு, உனக்கு எதுவும் வராது என்று பெண்களுக்குச் சொல்லிவந்த பாடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கட்டிய கணவனிடம் ‘பரிசோதனை செய்தீங்களா?’ என்று கேட்க ஒரு பெண்ணுக்கு வாய் வர வேண்டும். அதைக் கற்றுத் தராத கல்வி அரைக்கல்விகூட இல்லை.

பையன்கள் கதை வேறு. அவர்களுக்குச் சொற்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, தகவல்தான் கிடைப்பதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறினால் ரத்தம் குறையும், நரம்பு தளரும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போகும் என்று பயந்து, லாட்ஜில் முகாம் போடுகிற போலி வைத்தியர்களிடம் தறிக்கூலியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற பையன்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர்! இந்தப் பயத்தை நோய்க்குறியாக விவரித்து 1960லேயே மனநல மருத்துவர் என்.என். விக் பெயர் வைத்துவிட்டார். மும்பைக் குடிசைப் பகுதிகளில் எய்ட்ஸ் தடுப்புக்காக ஆண்களிடம் பேசப் போன ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள்: ஆய்வாளர்கள் கிருமியைப் பற்றிக் கேட்க, ஆண்கள் பலவீனத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கிருமியைப் பற்றிப் பேச முடிந்தது. தொலைக்காட்சியில் டாக்டர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் சிரித்த முகத்தோடு பதில் சொன்னபோது, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தது ஒரு தலைமுறை. அந்த மனிதருக்குத் தமிழ் ஆண்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

இனிப் பள்ளிக்கூடம். 2005ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று மாநிலங்கள் வரிசையாக மறுத்தன. 2009ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை தந்தது. தெரிந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர்களுடைய கவலை. பெற்றவர்களின் கவலை பொய்யல்ல. அதை அவமதிக்கக் கூடாது. ஆனால் யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது, இந்தக் கல்வி பெற்றவர்கள் அதனால் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்பதுதான். 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும், விரிவான பாலியல் கல்வி தேவை என்றே எழுதியது.

பாலியல் கல்வி இருக்கும் நாடுகளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா? பிரிட்டனில் பண்டோரா பவுண்டும் அவருடைய சகாக்களும் 2016ல், பத்து நாடுகளின் 55 பண்புசார் ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் படித்து, இளையோர் தங்கள் பள்ளியின் பாலியல் வகுப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தொகுத்தார்கள். ஆசிரியர் கூச்சப்படுகிறார் என்றார்கள். தினமும் கணக்குச் சொல்லித் தருகிறவரே வந்து இதையும் சொன்னால் எப்படிக் கேள்வி கேட்பது என்றார்கள். உறுப்புகளைப் பற்றிச் சொல்கிறார்கள், உறவைப் பற்றிச் சொல்வதில்லை என்றார்கள். பையன்கள் கேலி செய்வதால் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்றார்கள். ‘இனப்பெருக்க மண்டலம்’ பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப்போன வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் இந்த அவையில் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் அந்நியர்கள் இல்லை.

சொல் இல்லாததன் விலையைக் காவல் நிலையத்தில் பாருங்கள். 2012ல் போக்சோ சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அது காவல். ஆனால் ஏழு வயதுக் குழந்தை, எங்கே தொட்டான் என்று கேட்டால் என்ன சொல்லும்? வயிற்றுவலி என்று சொல்லும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள். மறுநாளும் வயிற்றுவலி என்று சொல்லும். பெயர் தெரிந்த குழந்தை முதல் நாளே சொல்லியிருக்கும்.

அதே சட்டத்தில் இன்னொரு துயரமும் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் விரும்பி ஊரைவிட்டுப் போனால், அவன் போக்சோவில் சிறைக்குப் போகிறான். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பதற்காக இயற்றப்பட்டதல்ல இந்தச் சட்டம் என்று சொன்னார். வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே அந்த இருவரோடும் யாராவது உட்கார்ந்து, விருப்பம் என்றால் என்ன, வயது என்றால் என்ன, சட்டம் என்ன சொல்கிறது என்று பேசியிருக்கலாம்.

ஆகவே இந்த ஊரில் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி இந்தப் பேச்சு நிற்கிறது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி இருக்கிறது. அது புகாருக்கு. இந்த ஊர் நூலகத்தில் சந்தேகங்களுக்கு ஒரு பெட்டி வைக்கலாம். பெயர் எழுத வேண்டாம், எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதிலேயே எழுதலாம், கெட்ட வார்த்தை என்று நினைத்தாலும் எழுதலாம். மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரும், வெளியூர் மருத்துவர் ஒருவரும் வந்து திறக்கட்டும். பெண்களுக்கு ஒரு நாள், பையன்களுக்கு ஒரு நாள், பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு நாள். எழுதியதைத் திருத்தாமல் வாசித்து, பதிலையும் அதே தமிழில் சொல்லட்டும். ஏதாவதொரு சீட்டில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பது தெரிந்தால், அந்தச் சீட்டு மட்டும் கூட்டத்துக்கு வராமல், அன்றைக்கே 1098க்குப் போக வேண்டும்.

பெட்டியின் வாய் சின்னதாக இருக்கட்டும், மடித்த சீட்டு நுழைகிற அளவு. நூலகரின் மேசைக்கு நேரெதிரே வைக்காமல், நாலு பேர் பார்வை படாத அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கட்டும். சாவி செவிலியரிடம் இருக்கட்டும்.